ஒயின்ஷாப் ஸ்டான்லியின் மல்டி ஜிம்

என் வீட்டுக்காரர் ஸ்டான்லி வாழ்க்கையில் ஒரு பீர் பாட்டில் மூடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வந்து ஸ்டான்லி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "ஒயின்ஷாப் ஸ்டான்லியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். போன வருஷம் அந்தோணியார் திருவிழாவில் கிடைத்த பட்டம் அது.

எங்கள் கோயில் சப்பரத்தை இன்றைக்கும் ஆட்கள்தான் தோளில் சுமக்கிறார்கள். ஒரே உயரமுள்ள ஆட்களாகப் பார்த்து, கம்புக்கு முன்னும் பின்னுமாக நிறுத்துவார், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை. உயரம் ஒத்துப்போனால் போதும், மனசு ஒத்துப்போகிறதா என்பது அவர் கவலை இல்லை. அப்படித்தான் இடதுபக்கக் கம்பின் முன்னால் என் அண்ணன் ஆனந்த்ராஜும், அவனை ஒட்டிப் பின்னால் இவரும் நிற்கிறார்கள். போன வருஷம் பாதி வழியில் இவர், "இறக்குங்க, இறக்குங்க" என்று கத்திவிட்டார். மாலை போடுகிற வீட்டு வாசலைத் தவிர வேறு எங்கேயும் சப்பரம் தரையில் இறங்கக் கூடாது. இறங்கிய இடமோ ஒயின்ஷாப் வாசல். உள்ளே இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதிலே ஒருத்தர் மாலைகூட வாங்கிவந்தார்.

"இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா நீங்க மோர் ஊத்துற பக்கம் போயிருங்க ஸ்டான்லி" என்று கோயில்பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இவருடைய அப்பா சாகும்வரை தோள் கொடுத்த கம்பு அது. அதை விட்டுவிட்டு மோர்ச் சட்டியோடு நிற்பதை இவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. பல நாள் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டியானை வண்டியில் மல்டி ஜிம் வந்து இறங்கியது. கம்பி, கப்பி, அடுக்கடுக்காக இரும்புத் தட்டு என்று ஹாலில் பாதியை விழுங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "தறி போட்டுட்டீகளாக்கா?" என்றாள்.

என் அண்ணனுக்கு டம்பெல்தான் தெய்வம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். மொட்டைமாடியில் டம்பெல், பார்பெல் எல்லாம் பரப்பிப்போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவான். தூக்குவதைவிட, தூக்கிய கையைக் காட்டுவதில் அவனுக்கு அக்கறை அதிகம். மெஷினைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஏன் மாப்ள, இம்புட்டு இரும்ப ஏன் வாங்குனீக? மெஷின்ல கம்பி போற வழியிலதான் கையும் போகும். டம்பெல்னா நீங்கதான் ஆடாமப் புடிச்சு நிறுத்தணும். அப்பத்தான் உள்ளுக்குள்ள இருக்க சின்னச் சின்ன மசிலெல்லாம் முழிக்கும். சப்பரம் என்ன தண்டவாளத்துலயா போகுது?"

"சரி மச்சான்" என்றார் இவர்.

எனக்கே அண்ணன் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. ஏனென்றால் இவர் செய்த பயிற்சி அந்த லட்சணம். தோளில் முட்டுக்கொடுத்துத் தூக்குகிற கம்பி ஒன்று அந்த மெஷினில் உண்டு. அதில் எடையை ஏற்றித் தோளில் வாங்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அப்படியே நிற்பார். குக்கர் விசிலடித்து அடங்கும்வரை நிற்பார்.

"ஏங்க, சும்மா நிக்கிறதுக்கா இந்த மெஷினு? காலையில வேடசந்தூருக்கு மில் பஸ்ல நின்னுக்கிட்டுத்தான போறீக?" என்று கேட்டேன். கம்பியை இறக்கிவிட்டு, இன்னொரு தட்டை ஏற்றிக்கொண்டு மறுபடி நின்றார்.

இந்த வருஷத் திருவிழா வந்தது. சாயங்காலம் சப்பரம் கிளம்பியபோது நான் மெழுகுவர்த்தியோடு இடதுபக்கமாகவே நடந்தேன். என் கண் இவர் மேலேயேதான் இருந்தது. ஒயின்ஷாப்பைத் தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து கடைவீதித் திருப்பம். சப்பரம் வளைந்து திரும்பும்போது அண்ணனின் முழங்கால் லேசாக மடங்கியது. தோள் கம்பை விட்டுக் கீழே இறங்கியது. கை மட்டும் மேலே கம்பைப் பிடித்தபடி, மசில் புடைக்க, பார்க்க அழகாக இருந்தது. அவன் தோளுக்கும் கம்புக்கும் நடுவில் விழுந்த சந்து வழியாக, எதிர்ப்பக்கம் நடந்த பெண்களின் மெழுகுவர்த்தி வெளிச்சம் எனக்குத் தெரிந்தது.

பின்னால் இவருக்குக் கழுத்து நரம்பெல்லாம் தெறித்து நின்றது. ஆனால் வாய் திறக்கவில்லை. கோயில் வாசல்வரை சப்பரம் ஒரு நூல்கூடச் சாயவில்லை. அதுவரை அந்தச் சந்தும் மூடவில்லை.

இறக்கியதும் கூட்டம் என் அண்ணனைச் சூழ்ந்துகொண்டது. "திருப்பத்துல கல்லு மாதிரி நின்னீகண்ணே!" என்றான் ஒருத்தன். "டம்பெல் தூக்குன ஒடம்புல்ல" என்று கோயில்பிள்ளை அவன் முதுகில் தட்டினார். இவரிடம் திரும்பி, "முன்னால ஆனந்த்ராஜு நின்னதால தப்பிச்சீங்க. சரி, அடுத்த வருசமும் கம்பு உங்களுக்குத்தான்" என்றார். அண்ணன் அடக்கமாகச் சிரித்தான். நான் பொறுக்கமாட்டாமல் பேச வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோள் கன்றிப்போய்க் கிடந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன்.

"போன வருசமும் எங்கண்ணந்தான் விட்டுச்சா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"பட்டப்பேரு வாங்கிக்கிட்டு ஏன் சொல்லாம இருந்தீக?"

"உன் அண்ணனாப் போச்சு. சொல்லி என்ன செய்ய? அடுத்த வாட்டி விட்டா, ரெண்டு ஆளு வெயிட்டையும் நாமளே தாங்கிக்கிருவோம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"அத அந்த பார்பெல்லுலயே பழகியிருக்கலாம்ல? இந்தத் தறிய வாங்கி வச்சுக்கிட்டு ஊரு பூரா கேலி பேச விட்டீகளே?"

"பழகலாம்தான். ஆனா மெஷின்ல தளந்தா கம்பியே நின்னுக்கிரும். பார்பெல்லுல அம்புட்டு வெயிட்ட ஏத்துனா, தோளு தளரும்போது வாங்கிப் புடிக்கப் பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும் ஜெஸ்ஸி" என்றார். "எனக்கு யாரு வந்து நிப்பா? உங்கண்ணந்தான?"