எடை மேடைக்குப் போகாத வண்டிகள்

காலை ஏழு மணிக்கு நெவில் தன் வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிடுவார். வண்டியில் எந்தக் கோளாறும் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்து முகாமில் முன்மூடி திறந்த ஒரு வண்டி நின்றால், தேநீர்க் கோப்பையோடு நாலு ஆண்கள் வந்து கூடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்றும் கூடினார்கள். எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், கங்காரு வந்து மோதினாலும் தாங்கும் இரும்புத் தடுப்பு, கூரைமேல் இரண்டு உபரிச் சக்கரம், இருநூறு லிட்டர் டீசல் தொட்டி, சேற்றில் மாட்டினால் கம்பி வடம் போட்டு இழுக்க விஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதன் பின்னால் கொக்கியில் மாட்டி நின்றது, சக்கரம் வைத்த வீடு மாதிரி மூன்றரை டன் கேரவன்.

கேரவனுக்குள் அவர் மனைவி பெவர்லி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இந்தச் சொற்பொழிவு அவளுக்கு மனப்பாடம். சொந்த ஊரான டூவூம்பாவில் அவர்கள் வீட்டு கராஜுக்குள் இந்த வண்டி நுழையவில்லை. கதவை அகலப்படுத்தினார் நெவில், உயரம் இடித்தது. கடைசியில் அவள் பதினைந்து வருஷம் வளர்த்த காமெலியாப் பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர் சுற்றக் கிளம்பும்போது அவளுடைய தையல் இயந்திரத்தை ஏற்ற விடவில்லை. "எடை அதிகமாயிடும், பெவ்" என்றார். மறுநாளே முப்பது கிலோ வெல்டிங் சாதனத்தை ஏற்றினார்.

ஆனால் வெளியாட்கள் கண்ணுக்கு அவர் பெரிய நிபுணர். அவ்வளவு பெரிய வண்டி வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். வண்டி பெரிசாக இருந்தால் அறிவும் பெரிசாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை.

அன்றைக்கு டாமியனும் வந்து நின்றான். முப்பத்து நாலு வயசுத் தச்சன். ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு, மனைவி ரெனேயையும் ஏழு வயசு மகள் பாப்பியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரக் கிளம்பியிருந்தான். வண்டியும் பழசு, கேரவனும் பழசு. கேரவனின் பின் பம்பரில் மூன்று சைக்கிள், ஒரு ஜெனரேட்டர், தன் தச்சுக் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டியிருந்தான்.

"நெவில், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து ஒரு நீள லாரி எங்களத் தாண்டிப் போச்சு. கேரவன் பின்னாடி வால ஆட்ட ஆரம்பிச்சிருச்சு. ரெனே பயந்துட்டா. இன்னிக்கு கார்பெல்லா ஊர்த் திடல்ல போலீஸ் கேரவனுக்கெல்லாம் எடை போடறாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. ஒரு தடவ ஏத்திப் பாத்துரலாம்னு தோணுது."

நெவில் சிரித்தார். "ஏம்ப்பா, கசாப்புக் கடைக்கு எந்த ஆடாவது தானா நடந்து போகுமா?"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். டாமியனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் விடவில்லை.

"இல்ல, எடை கூடுதலா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"உன் வண்டி இழுக்குதா இல்லியா?"

"இழுக்குது."

"அப்புறம் என்ன? லாரி போனா காத்து அடிக்கும், ஆடும். ஸ்டியரிங்கக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதி, நேராயிடும். போலீஸ்காரன் எடை போட்டான்னா அபராதத்தத் தீட்டிட்டு, பாதி சாமான ரோட்டுல எறக்கச் சொல்லுவான். மொதல்ல பாப்பியோட சைக்கிளத்தான் எறக்கச் சொல்லுவான், பாத்துக்கோ."

ஜன்னல் வழியாகப் பெவர்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பதற்கு ஒரு வரம்பு உண்டு, சுமப்பதற்கு வேறொரு வரம்பு உண்டு. கேரவன் கொக்கியில் அழுத்தும் எடையும் வண்டி சுமக்கிற கணக்கில்தான் சேரும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அவள் இதையெல்லாம் படித்திருந்தாள். நெவில் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. மூன்று மாதமாக ஓடுகிற தங்கள் வண்டியையே ஒரு நாளும் எடை மேடையில் ஏற்றிப் பார்க்காத மனுஷன், அடுத்தவன் குடும்பத்துக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நெவில்," என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். "அவங்க போய் எடை போட்டுட்டுத்தான் வரட்டுமே."

"பெவ், ரொட்டி கருகுது பாரு."

ரொட்டி கருகவில்லை. ஆண்கள் மறுபடி சிரித்தார்கள். பெவர்லி வாயை மூடிக்கொண்டாள். நாற்பது வருஷமாக மூடிப் பழகிய வாய் அது.

"ஊருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னாடி எடது பக்கம் மண்பாதை பிரியும்," என்றார் நெவில். "ஓடையத் தாண்டி, ஊருக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைல ஏறிடலாம். ஒரு பய எடை போட முடியாது. நான் முன்னாடி போறேன், நீ என் பின்னாடியே வா. கேரவன்காரங்க ஒருத்தருக்கொருத்தர் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"ரொம்ப உபகாரம், நெவில்," என்றான் டாமியன்.

மண்பாதை ஓடைக்கு இறங்கும் இடத்தில் சரிவு அதிகம். பொடிக்கல் பரவிக் கிடந்தது. நெவிலின் வண்டி இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுகரையில் ஏறிவிட்டது. பெவர்லி பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். டாமியனின் கேரவன் சரிவில் இடது பக்கம் ஒரு தடவை ஆடியது. வலது பக்கம் அதைவிடப் பெரிதாக ஆடியது. டாமியன் காலையில் கேட்ட பாடத்தை நம்பி மிதித்தான் போலிருக்கிறது, வேகம் கூடியது. மூன்றாவது ஆட்டத்தில் கேரவன் முன்னால் இருந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், அதையும் சேர்த்துச் சாய்த்தது. பிறகு புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நெவில் ஓடினார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அறுபத்தேழு வயசில் ஓடையில் இறங்கி ஓடி, சுத்தியலால் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, பாப்பியை அவர்தான் வெளியே எடுத்தார். குழந்தையின் கை முழங்கைக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. தலையில் வெட்டு. தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் அழுத்திப் பிடித்தார். ரெனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெவர்லி போனில் உதவி கேட்டாள். முதலில் வந்து சேர்ந்தது, திடலில் எடை போட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ஜில். யாருக்குப் பயந்து அந்தப் பாதையில் போனார்களோ, அந்தப் பெண்தான் மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தைக்குக் கட்டுப் போட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு கார்பெல்லாவின் சின்ன விமானத் தளத்திலிருந்து மருத்துவ விமானம் பாப்பியையும் ரெனேயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. டாமியனுக்கு அதில் இடம் இல்லை. புருவத்தில் ஐந்து தையலோடு வேலியைப் பிடித்துக்கொண்டு விமானம் மறையும் வரை பார்த்தான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கை பழையபடி வருமா என்று அறுவைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஜில் குறிப்பேட்டைத் திறந்தாள். "நல்ல தார் ரோடு இருக்கறப்ப, அந்த மண்பாதைல எதுக்குப் போனீங்க, டாமியன்?"

டாமியன் நெவிலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"வழி தப்பிட்டோம்," என்றான்.

அந்த ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே படிக்கிற பாடம் ஒன்று உண்டு: கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காதே. மகளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு வந்தவனும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அது அவன் பெருந்தன்மை என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நின்ற நெவிலும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஓடுபாதையின் கோடியில் ஏதோ தெரிவதுபோலப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அதை என்னவென்று வைத்துக்கொள்வது?

டாமியன் அவர் பக்கம் திரும்பினான். "நீங்க மட்டும் இல்லேன்னா என் பொண்ண உயிரோட பாத்திருக்க மாட்டேன், நெவில். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." கையை நீட்டினான்.

நெவிலின் கையும் எழுந்தது.

"அந்தக் கையத் தொடாத, டாமியன்," என்றாள் பெவர்லி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஜில் பக்கம் திரும்பினாள்.

"இவங்க வழி தப்பல, ஜில். காலைல இவன் எடை போடணும்னு சொல்லிட்டுத்தான் வந்தான். போகாதன்னு சொன்னது என் புருஷன். மண்பாதையக் காட்டினது என் புருஷன். ஆடினா மிதின்னு சொல்லிக்குடுத்ததும் என் புருஷன். நான் ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். ஒரு வார்த்த சொன்னேன், ரொட்டி கருகுதுன்னாரு, மூடிக்கிட்டேன். அதனால என் பேரையும் சேத்து எழுதிக்குங்க."

"பெவ், இங்க வச்சு எதுக்கு..." என்று ஆரம்பித்தார் நெவில்.

"வேற எங்க வச்சுப் பேசறது? அந்தக் கொழந்தைய ஏத்திட்டுப் போன எடத்துல பேசாம, வீட்டுக்குப் போய்ப் பேசவா? அவன் உனக்காகப் பொய் சொல்றான். நீ கேட்டுட்டு வேடிக்க பாத்துட்டு நிக்கிற. அதோட நன்றிய வேற வாங்கிக்கக் கை நீட்டற. உனக்கு வெக்கமா இல்லியா, நெவில்?"

ஜில் பேனாவை மூடினாள். பேசும்போது அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை, களைப்புதான் இருந்தது. "இன்னிக்கு யாருக்கும் அபராதமே போடல. இலவசமா எடை போட்டு, எத எங்க மாத்தி வைக்கணும்னு சொல்லி அனுப்புறோம், அவ்வளவுதான். டாமியன், உங்க பின் பம்பர்ல இருந்த பாரத்த எடுத்து சக்கரத்துக்கு மேல உள்ளாற வச்சிருந்தா, அந்த ஆட்டம் பெரும்பாலும் வந்திருக்காது. பத்து நிமிஷ வேல."

டாமியன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பத்து நிமிஷமா?" என்று கேட்டான்.

நெவில் தன் வண்டியையும் எடை போடச் சொல்லிச் சாவியை ஜில்லிடம் நீட்டினார். திடல் பக்கத்திலேயே இருந்தது. எடைத் தட்டுகளை இன்னும் கழற்றவில்லை. எட்டு சிலிண்டர் வண்டியும் மூன்றரை டன் கேரவனும் ஏறி நின்றன. ஜில் எண்ணைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அனுமதித்த எடைக்கு மேல் அறுநூற்றிப் பத்து கிலோ. டாமியன் ஏற்றியிருந்த கூடுதல் பாரத்தைவிட இது அதிகமாகவே இருந்திருக்கும். நெவிலும் பெவர்லியும் தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம்.

நெவில் அந்தச் சீட்டோடு வேலியருகே வந்தார். நிபுணரின் மிடுக்கு முகத்தில் துளியும் மிச்சமில்லை, ஒரு கிழவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

"காலைல நீ கேட்டப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, டாமியன். என் வண்டி எவ்வளவு எடைன்னே தெரியாது. தெரியாதுன்னு சொல்ல கௌரவம் விடல. நீ போய் எடை போட்டா நானும் போய் நிக்கணுமேன்னு உள்ளுக்குள்ள பயம். அதான் சிரிச்சுப் பேசி உன்னையும் இழுத்துட்டுப் போனேன்."

டாமியன் நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை கையையும் நீட்டவில்லை. நீட்டுவான் என்று நெவில் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் ஜில்லின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கம்மா. இவன் வழி தப்பல, நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு என் பேரப் போட்டு எழுதிக்க. சோதனைலேருந்து ஒருத்தனத் தப்பிக்க வைக்கறதுதான் உதவின்னு இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன். நீங்க யாரக் காப்பாத்தணும்னு அங்க வெயில்ல நின்னுட்டிருந்தீங்களோ, அந்தக் கொழந்தையத்தான் உங்க கண்ணுல படாம ஒளிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன்."