பதினாறாவது ஓட்டு

மார்னி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்பாவின் தபால் ஓட்டுக்கு அவள்தான் சாட்சி. சாட்சி கையெழுத்துப் போடலாம், ஓட்டு யாருக்கு என்று பார்க்கக் கூடாது. இங்கே சட்டம் அப்படி.

"முடிஞ்சுதாப்பா?"

"எனக்கு எண்பத்திரண்டு வயசு. அவசரப்படுத்தாத."

பேனா உரசுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. பெயருக்கு நேரே ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க இத்தனை நேரமா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. சிறுநீரகச் சிகிச்சை போதும் என்று நிறுத்திவிட்டு, சாவதற்காக வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிற மனிதரிடம் எரிச்சல்படுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் போயிற்று.

முந்தைய நாள் சாப்பாட்டு வேளையில் பெரிய சண்டை. அப்பா ஆர்விட் பதினைந்து அதிபர் தேர்தல்களில் ஒன்றைக்கூட விடாதவர். இந்தத் தடவை யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரையும் டிவில முழுசா உக்காந்து பாத்தேன். ஒண்ணு சொத்தைப் பல்லு, ஒண்ணு ஆடுற பல்லு. எதை வச்சுக்கிறீங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க போடாம விட்டா அந்தாளுக்குப் போட்ட மாதிரிதான். அம்மா இருந்திருந்தா தலைகுனிஞ்சிருப்பா."

சொல்லியிருக்கவே கூடாது. அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று காலை கண் விழித்ததும், "அந்த ஓட்டுச் சீட்டை எடு," என்றார்.

இப்போது மடித்து உறையில் போட்டு நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். யாருக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தபால் வண்டி வருவதற்குள், பதினொரு மணிக்கு, மூச்சு நின்றுவிட்டது.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மார்னி மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். தேர்தல் நாளுக்கு முன்பே இறந்துவிட்டால் ஓட்டு செல்லாது, மன்னிக்க வேண்டும் என்றார்கள். உறை சமையலறை மேஜையில் கிடந்தது. அப்பா தன்மேல் கோபத்தோடு போயிருந்தால் அது அதற்குள்தான் இருக்கும் என்று அவளுக்குப் பயம். தனியாகப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

யாரோ பின்கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வெர்லின், கையில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றார். கோழியும் காட்டரிசியும் சேர்த்துச் சுட்டது. இருவரும் பேசி நாலு வருடம் ஆகிறது. போன தேர்தலில் அவர் தன் புல்வெளியில் நட்டிருந்த எதிர்க்கட்சிப் பிரசார அட்டையைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டவள் மார்னி. அந்த வெர்லின்தான், அவள் மினியாபொலிஸில் வேலையே கதியென்று கிடந்த இரண்டு வருடமும், வாரம் மூன்று நாள் ஆர்விட்டை நாற்பது மைல் தள்ளி இருக்கும் சிகிச்சை மையத்துக்குக் காரில் கூட்டிப் போனவர். அவள் ஒரு நன்றி சொன்னதில்லை.

"வாசல்லயே குடுத்துட்டுப் போறேம்மா."

பாத்திரத்தை வாங்கி வைத்தவள், என்ன தோன்றியதோ, அவர் எதிரிலேயே உறையைக் கிழித்தாள்.

அச்சடித்த பெயர்களுக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. வேறு பெயர் எழுதிக்கொள்ள விட்டிருந்த கடைசிக் கோட்டில், கோணல் எழுத்தில், 'அதிபர்: வெர்லின்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'துணை அதிபர்: மார்னி.'

வெர்லின் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"நானா? இவர் ஆளுங்களுக்கு எதிரா அம்பது வருஷம் ஓட்டுப் போட்டவன் நான்."

"செல்லாதாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"அப்பாடா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "கார்ல போறப்பல்லாம் கேப்பார், நான் போனப்புறம் மார்னியப் பாத்துக்குவியான்னு. அவதான் என்கிட்ட பேசவே மாட்டாளேன்னேன். அதுக்கு ஒரு வழி பண்றேன்னார்."

மார்னி சீட்டை வாங்கி மறுபடி பார்த்தாள். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கடைசித் தெம்பையும் அவளுக்கு ஒரு துணை தேடுவதில் செலவழித்திருக்கிறார்.

"உங்க அட்டையைப் பிடுங்கினது தப்பு. அப்பாவ நீங்க கூட்டிட்டுப் போனதுக்கெல்லாம் நான்..."

"அட்டையா? மறுநாளே அதைவிடப் பெருசா ஒண்ணு வச்சேனே."

"பாத்தேன். உள்ள வாங்க."

வெர்லின் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மார்னி தரையில் உட்கார்ந்து, ஈரத்தில் இறுகிப்போயிருந்த முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்க ஆரம்பித்தாள்.