வலது பின்சக்கரம்

மூன்றாவது அடியிலேயே சுத்தியல் ஈரக் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. டிரைவர் குனிந்து, தோள் வரை கையை விட்டுச் சேற்றில் துழாவினார். லாரியின் பின்சக்கரங்கள் பாதி வரை தண்ணீரில் நின்றன. மணி ஏழேகால். பத்து மணிக்கு அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் போட்டாக வேண்டும். மழையால் போன முறை தவறிவிட்டது. இதுவும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் போனிலேயே சொல்லியிருந்தார், சுற்றி வளைக்காமல்.

"மெதுவா அடிங்கண்ணே. பிரேக் டிரம் விரிசல் விட்டுச்சுன்னா அப்புறம் நகர்ந்தும் பிரயோஜனம் இல்ல," என்றான் கிரீஸ். நாலு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே அவசரத்தில் ஞாபகம் வராது. இடுப்பளவு தண்ணீரில் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட அரை மணியில் வந்து சேர்ந்திருந்தான்.

டிரைவர் சுத்தியலை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், "பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம், நீங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்கள். படகு கேட்டால், "கிளம்பிடுச்சு" என்றார்கள். விடியற்காலையிலிருந்து அது கிளம்பிக்கொண்டே இருக்கிறது. லாரி நகராததும், நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாமா என்று அவர் தனியாக நடந்து பார்த்தார். பெரிய ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்து காலை வாரியது. திரும்பிவிட்டார். அதைத் தாண்டக்கூடியது லாரி ஒன்றுதான். அதற்காகத்தான் முந்தாநாள் சாயங்காலம், சரக்கை இறக்கிய கையோடு, பம்பரால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் அதை ஓட்டி வந்திருந்தார்.

இன்று விடிவதற்கு முன்பே எஞ்சினைப் போட்டு, பிரேக்குக்குக் காற்று ஏறும் வரை காத்திருந்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு முதல் கியரில் கிளட்சை விட்டார். வண்டி பின்பக்கம் குந்தி உட்கார்ந்ததே தவிர நகரவில்லை. ரிவர்சிலும் அதே கதை. கிளட்ச் கருகும் வாடை வந்ததும் நிறுத்திவிட்டார். கிளட்சும் போய்விட்டால் பேச்சுக்கே இடமில்லை.

கிரீஸ் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"காத்து ஏறுது, பிரேக் ராடும் பின்னால வருது. பிரேக் ஷூதான் டிரம்மோட ஒட்டிக்கிச்சு. ரெண்டு பக்கமும்." நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "ஏண்ணே, தண்ணிக்குள்ள நிக்கிற வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?"

அவர் சுத்தியலுக்குக் கையை நீட்டினார்.

"நேத்து லைசென்ஸ் எடுத்தவன் செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேன். நீங்க போய் எப்படிண்ணே?"

"மறந்துட்டேன்," என்றார் டிரைவர்.

வாசல்படியில் நின்றிருந்த மகள் அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

கிரீஸ் கேட்டதில் தப்பில்லை. தண்ணீரில் இறங்கிய வண்டியை, பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிக் காயவைக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் ஹேண்ட்பிரேக்கைத் தொடக் கூடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை ஈர பிரேக் ஷூ பிடித்த பிடியில் துருவேறி, இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். முதல் மழைக்காலத்திலேயே எல்லா டிரைவரும் பட்டுத் தெரிந்துகொள்வது இது. அவருக்குத் தெரிந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

முந்தாநாள் அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். கியரில் போட்டார். நாலு செங்கல்லைத் தேடி எடுத்துச் சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தார். நனைந்த பேன்ட்டோடு உள்ளே வந்தபோது மனைவி மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கல."

"எஞ்சின் சத்தம் கேக்கலயா?"

"அது ஊர்ல போற எல்லா வண்டிக்கும் கேக்குது. கடைசியில புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அது கேக்கல. அது கேட்டாத்தானே நீங்க வந்துட்டீங்கன்னு அர்த்தம்."

ஹேண்ட்பிரேக் போடும்போது வெளியேறும் காற்று அது. இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்துதான் அவள் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள், கதவைத் திறந்திருக்கிறாள், சண்டை பாக்கி இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தண்ணீரில் இறங்கினார். கேபினில் ஏறி ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். ஜன்னல் வழியாக அவள் கையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த மகளும் சிரித்தாள். உடனே எடுத்துவிடத்தான் நினைத்தார். எடுத்திருக்கலாம். மூன்று நாள் தூக்கமில்லாத உடம்பு, வண்டி வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்ட தைரியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மெஷின் அடுத்த நாள் பத்து மணிக்குத்தான் என்றிருந்ததால், லாரி பற்றிய நினைப்பே அன்று முழுக்க வரவில்லை.

எட்டு மணிக்கு ஸ்பேனர் எடுக்க உள்ளே வந்தவரை அவள் கண்ணால் கூப்பிட்டாள். மகள் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

"மெக்கானிக் திட்டினானா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"அவன் எப்பவும் அப்படித்தான். வாயில ஆயில் ஊத்திட்டுப் பேசுவான்."

"நான்தானே போடச் சொன்னேன்."

"நீ சொல்லலன்னாலும் போட்டிருப்பேன். பழக்கம்."

அவள் அவரையே பார்த்தாள். "பொய்," என்றாள். "இந்த வயசுல."

"பேசாத. மூச்சு வாங்குது பாரு. இன்னும் அரை மணியில கிளம்பிடலாம். கேபின்ல உனக்குத் தலையணையெல்லாம் போட்டு வச்சிட்டேன்."

"சீட்டு நனைஞ்சிருக்குமே."

"பாலிதீன் விரிச்சிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். நனையாத சீட்டு கிடைத்தது அவளுக்குத் திருப்தியாக இருந்த மாதிரி தெரிந்தது. அவர் ஸ்பேனரோடு வெளியே வந்து, கதவுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றார். அவளுடைய மூச்சு தெருவரைக்கும் கேட்டது. தன் மேல் வந்த வெறுப்பில் அந்த ஸ்பேனராலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

இடது சக்கரம் எட்டரைக்கு விட்டது. கிரீஸ் மூச்சடக்கித் தண்ணீருக்குள் குனிந்து, ஷூவின் பிடியைக் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத அட்ஜஸ்டரை விரலால் தேடிப் பிடித்து, ஸ்பேனரில் கால் கால் திருப்பாகத் தளர்த்தினான். அவர் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். உள்ளே ஏதோ பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. கிரீஸ் தண்ணீரைத் துப்பிவிட்டு, "ஒண்ணு ஆச்சு," என்றான்.

வலது பக்கம் அசையவில்லை. அட்ஜஸ்டரின் தலை ஏற்கெனவே தேய்ந்து உருண்டிருந்தது. ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே போனது.

"இதுக்கு டயரக் கழட்டியாகணும்ணே. ஜாக்கி எங்க?"

ஜாக்கியை வைத்தார்கள். வண்டி ஏறுவதற்குப் பதிலாக ஜாக்கி சேற்றில் இறங்கியது. அடியில் வைக்கப் பலகை வேண்டும். வீட்டில் பலகை என்று எதுவும் இல்லை. டிரைவர் உள்ளே போய், குளியலறைக் கதவின் கீலைக் கழற்றி, கதவையே தூக்கிக்கொண்டு வந்தார். போன வாரம் வரை எண்ணெய் போடச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருந்த கீல். கதவைத் தண்ணீரில் அமுக்கி, மேலே ஏறி நின்று மிதித்துச் சேற்றில் பதித்தார்கள்.

"குளிக்கிறவங்க பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்க வேண்டியதுதான்," என்றான் கிரீஸ். அவர் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஜாக்கி நின்றது. வண்டி ஒரு விரல் அளவு உயர்ந்தது. சக்கரத்தில் பத்து நட்டு. எட்டாவது நட்டில் இருந்தபோது மகள் படியில் வந்து நின்றாள்.

"அப்பா."

அவள் கத்தவில்லை. அதனாலேயே அவர் ஸ்பேனரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். தண்ணீருக்குள் ஓட முடியாது. ஒவ்வொரு அடியும் பின்னால் இழுத்தது.

மனைவியின் உதடு நீலமாகியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே அவர் எண்ண ஆரம்பித்தார். எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியவில்லை. ஏழு, ஒன்பது. பதினொன்று. மகள் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். தன் கையிலிருந்த எண்ணெய்க் கறை அவள் விரல்களில் ஒட்டுவதைப் பார்த்து, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். வெளியே சுத்தியல் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எண்ணுவதற்கு எதுவும் வரவில்லை. அவர் முப்பது வரைக்கும் போனார்.

"அம்மா," என்றாள் மகள், தூங்குகிறவளை எழுப்புகிற குரலில். இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. சுத்தியல் நின்றது. எஞ்சின் கிளம்பியது. லாரி தண்ணீரை அலைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தது, நின்றது, பின்னால் வந்தது. அலை வந்து படியில் மோதியது. கிரீஸ் குதித்து இறங்கி வாசலுக்கு வந்தான். நெற்றியில் ரத்தம், முகமெல்லாம் துரு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணே, விட்டுடுச்சு. டயரத் திரும்ப மாட்டி ஓட்டியே பாத்துட்டேன். நேரம் இருக்கு, ஒன்பதரைதான் ஆகுது. அக்காவத் தூக்கிக்கலாம், நான் காலப் பிடிச்சுக்கறேன்."

உள்ளே ஒரு அடி வைத்துவிட்டு நின்றான். கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பிறகு போய் எஞ்சினை நிறுத்தினான். வந்து படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதான். மகள் போய் அவனுக்குத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பாவும் மகளும் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு வாரமாக உட்கார்ந்தே இருந்தவளைப் படுக்க வைத்தார்கள். மகள் சேலையை இழுத்துவிட்டாள், தலைமுடியை ஒதுக்கினாள்.

"அப்பா, மெக்கானிக்கிட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடலாம்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் சித்திக்கும் மாமாவுக்கும் போன் செய்ய மாடிப்படி பக்கம் போனாள். யாராலும் வர முடியாது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

பத்து இருபதுக்கு அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"டயாலிசிஸ் யூனிட்டிலேருந்து பேசறேன் சார். பத்து மணிக்கு அம்மா வரணும். கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டி கிளம்பல."

"எங்க பாத்தாலும் தண்ணி சார், என்ன பண்றது. இங்க ஒருத்தர் விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கார். உங்க மெஷினை அவருக்குக் குடுத்துடவா?"

"குடுத்துடுங்கம்மா."

"நீங்க வேணாம்னு சொன்னாத்தான் குடுக்க முடியும். அப்புறம் கேட்டா கிடைக்காது."

"வேணாம்மா. அவருக்குக் குடுங்க."

"சரி. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில போட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி வடிஞ்சிடும்ங்கறாங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவர் இன்னும் வாய்விட்டு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சார், இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க," என்றார்.

"காலையில ஏதாவது சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க. போன மாசம் வெறும் வயித்தோட வந்து மயக்கம் வந்துடுச்சு அவங்களுக்கு."

"சரிம்மா."

"வெள்ளிக்கிழமை, ஆறரை மணி, நாலாம் நம்பர் மெஷின். குறிச்சுக்கிட்டீங்களா?"

பக்கத்தில் பேனா எதுவும் இல்லை. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போனில் அந்தப் பெண்ணிடம் திருப்பிச் சொன்னார்.