பின்பக்கத்துக் கொடி

"இந்தக் கொடிக்கயித்த இன்னிக்கே அவுத்துடும்மா. நாளைக்குக் காலையில காபிக்கடைக்காரர் இடம் பாக்க வர்றார்."

ஈரத்தில் கால் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கொல்லையில் நின்றாள் வீட்டுக்காரம்மா. சலவைக்காரியும் கணவனும் ஆளுக்கொரு முனையாகப் போர்வை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கணவனின் பிடி நழுவியது.

"எந்த இடத்தக்கா?" என்றாள் சலவைக்காரி.

"இதத்தான். மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க. அவர் தர்ற வாடகைய நீயே தந்தா தாராளமா இரு. நான் என்ன கல்நெஞ்சக்காரியா?"

வேலிக்கு அப்பால் புது நடைபாதையில் ஒருவர் காதில் பாட்டுடன் ஓடிப்போனார். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ரயில் ஓடாத தண்டவாளமும் முட்புதரும்தான். பாம்புக்குப் பயந்து தெருவில் யாரும் பின்கதவைத் திறப்பதில்லை. பாதை கேட்டு மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் இந்தச் சலவைக்காரிதான். கடைசிவரை பிகு பண்ணியவள் வீட்டுக்காரம்மா. "பின்பக்கத்த எவ வந்து பாக்கப்போறா?" என்றாள் அன்று.

பாதை வந்தது, விளக்கும் பெஞ்சும் வந்தன. பின்பக்கங்களெல்லாம் முன்பக்கங்களாயின, வாடகையும் ஏறியது. முதலில் தையல்காரர் காலி செய்தார், பிறகு சைக்கிள் கடைக்காரர்.

வீட்டுக்காரம்மா போனதும் கணவன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். "பாம்பே இருந்திருக்கலாம். அது வாடகை ஏத்தச் சொல்லாது."

அவள் சிரிக்கவில்லை. "எங்கயாவது மாடியில ஒத்த ரூம் கெடைக்கும். லாட்ஜு போர்வை நாப்பதையும் எங்கங்க காயப்போடறது? உங்க தலையிலயா?"

"கயித்த அவுக்கட்டுமா?"

"இன்னொரு கயிறு கட்டுங்க."

மறுநாள் காலை காபிக்கடைக்காரர் பின்கதவைத் திறந்தார். பாதை தெரியவில்லை, பெஞ்சு தெரியவில்லை. வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரட்டை வரிசையில் வெள்ளைப் போர்வைகள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அவுக்கச் சொன்னேன்ல!" என்றாள் வீட்டுக்காரம்மா.

"மாசக் கடைசி இன்னும் வரலியேக்கா. ஈரத்துணி. காஞ்சதும் எடுத்துடறேன்."

"எப்பம்மா காயும்?" காபிக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெயில் நல்லாத்தான் அடிக்குது சார்."

சொல்லிவிட்டு, வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, சொட்டு நின்றிருந்த முதல் போர்வையின் மேல் நிதானமாக ஊற்றினாள்.