துண்டுக்கு வெளியே சொன்ன வரி

என் அக்கா சவுரியம்மாளைக் கட்டிக்கொண்ட ரத்தினசாமியைக் கெட்டிக்காரர் என்று எங்கள் அப்பாவிடம் சொன்னவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். மாமாவுக்கு ஆம்பூரில் பதனிட்ட ஆட்டுத்தோல் வியாபாரம். பள்ளிகொண்டாவில் அப்பா அக்காவுக்கு எழுதி வைத்த நிலத்தை விற்றுப் போட்ட கடை அது. கடை போனால் அக்காவுக்கு வேறு பிடிமானம் கிடையாது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் மாமாவுக்கு மட்டும் அடிக்கடி மறந்துபோகும்.

தோல் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவன் தன் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வான். வாங்குபவன் அதனடியில் கையை விட்டு விரல்களைப் பிடிப்பான். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் பேரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பேருடைய முகம்தான் தெரியும். ஒருவனுக்குக் கொடுத்த விலை அடுத்தவனுக்குத் தெரியாது என்பதால்தான் எங்கள் ஆட்கள் பிழைத்துக் கிடந்தார்கள்.

சீமையில் சண்டை தொடங்கிய வருஷம் எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். அதில் போன வருமானத்துக்கு ஈடாக விற்பனை வரி என்று ஒன்று வந்தது, நூறு ரூபாய்க்கு அரை ரூபாய், அதாவது எட்டணா. கள்ளு போனாலும் மாமாவுக்குப் போதைக்குக் குறைவில்லை. வரி தலைக்கு ஏறிவிட்டது. பெரிய மண்டிக்காரர்கள் வரி வரி என்று புலம்புவதைக் கேட்டார். தானும் புலம்பினால் தானும் பெரிய மண்டிக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வரி கட்டணும்னா அதையும் சேத்தே விலைய வச்சிடுங்க மாமா. விரல்லயே முடிஞ்சிடும்" என்றேன்.

"இன்னா மச்சான் பேசற? அப்புறம் ரத்தினசாமி விலைய ஏத்திட்டான்னு சொல்வானுங்க. விலை நம்மது, அது துண்டுக்குள்ள இருக்கட்டும். வரி சர்க்காருது, அத மறைக்கக் கூடாது. வெளிய சொல்லித்தான் வாங்கணும்."

"நமக்கு வரி உண்டான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்களேன்."

"கேட்டா நம்மள சின்ன ஆளுன்னு நினைச்சிட மாட்டாங்க?"

இதற்குமேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது?

அடுத்த சந்தைக்கு முதலில் வந்தவர் அப்துல் ஹமீத். எங்கள் சரக்கில் முக்கால்வாசி அவர் எடுப்பதுதான். துண்டுக்குள் கை போனது, வந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலம் போடுகிறவர் மாதிரி, "கட்டுக்கு வரி எட்டணா!" என்று கத்தினார். ஹமீத் பாய் பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்டுகளை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கலவை ஊரில் செருப்புக்கடை வைத்திருக்கும் சீனிவாசன் வந்தார். அவரும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்தார். மாமா இன்னும் உரக்க, "கட்டுக்கு வரி ஏழணா!" என்றார்.

ஹமீத் பாய் மெதுவாகத் திரும்பினார்.

"எட்டணா வரின்னா நூறு ரூபா. ஏழணான்னா எம்பத்தேழரை. அதே தோலு, அதே கட்டு. ஜாஸ்தி எடுக்கறவனுக்கு ஜாஸ்தி விலையா ரத்தினம்?"

மாமா திருதிருவென்று விழித்தார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "பாய், நான் விலைய வாயத் தொறந்து சொல்லவே இல்லியே! துண்டுக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்டி தெரிஞ்சுது?"

சந்தையே சிரித்தது. வண்டி மாடுகள் சிரிக்காததுதான் பாக்கி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது தான் கத்தியது தெரிந்திருக்கும்.

அதன்பின் இரண்டு சந்தைக்கு ஹமீத் பாய் எங்கள் பக்கம் வரவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. கிடங்கில் தோல் பூஞ்சணம் பூக்க ஆரம்பித்தது. மூன்றாவது சந்தையில் அவர் வந்ததும் மாமா ஓடிப்போய்த் துண்டை விரித்தார். ஹமீத் பாய் உள்ளே கையை விட்டார். ஒரு விரலையும் பிடிக்காமல் சும்மா வைத்திருந்தார்.

"விரல் எதுக்கு ரத்தினம்? வரிய சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"ஏ... ஏழணா பாய்."

"ஆறணா."

ஆறணா என்றால் எழுபத்தைந்து ரூபாய். எங்களுக்கு அடக்கமே எண்பது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பூஞ்சணம் பிடித்த கட்டுகளை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். உடனே நாலு பக்கமும் "எனக்கும் ஆறணா", "எனக்கும் ஆறணா" என்று குரல் கிளம்பியது. ஊரறிந்த விலையை அப்புறம் எந்தத் துண்டால் மூடுவது? கிறிஸ்துமசுக்கு முன்பே, நஷ்டத்தில் ஏறிய கடனுக்குக் கடையையும் கிடங்கையும் எழுதிக் கொடுத்தோம்.

சாவியைக் கொடுத்த அன்றுதான் மாமா வரிப்பணத்தை முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரே வெளிச்சம். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"சவுரி, கேட்டியா! வருஷத்துக்குப் பத்தாயிரம் வியாபாரம் பண்ணாதவனுக்கு வரியே கெடையாதாம். குமாஸ்தாவே சொன்னாரு. நாம ஒரு காசும் கட்ட வேணாம்!"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவர், ஓணான் கடிக்கவில்லை என்று சந்தோஷப்படுகிறார். அக்கா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"வரியும் கெடையாது, கடையும் கெடையாது, எங்கப்பன் நெலமும் கெடையாது" என்றாள்.

பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, நாலாக மடித்து, கொதிக்கிற சோற்றுப் பானையைப் பிடித்து இறக்கினாள். அதற்குப் பிறகு அந்தத் துண்டு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.