சித்தி ஊட்டும் தட்டு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளை ஒரு போர்க்களம். ஆறு வயது மகள் வாயை இறுக மூடிக்கொள்வாள். என் மனைவி கிண்ணத்தோடு கெஞ்சுவாள். தலையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மகளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. அவள் மூளையிலிருந்து எடுத்த கட்டியோ ஓர் ஆய்வகத்தில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஊட்டியவள் என் மச்சினி, மகளின் சொந்தச் சித்தி.

மச்சினிக்கு வேலையே அதுதான். கட்டியிலிருந்து பிரித்த உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் இளஞ்சூட்டில் வைத்து, பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியது விட வேண்டும். இதை 'ஊட்டுறது' என்பார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பட்டினி போட்டுக் கொல்லேன் அதை," என்றேன்.

"தட்டுல இருக்கறதைக் கொன்னா பாப்பாவுக்குள்ள மிச்சம் இருக்கறது சாகாது மாமா. இது உயிரோட இருந்தாதான் எந்த மருந்து கேக்கும்னு பாக்க முடியும்."

எல்லாக் குழந்தைகளுக்கும் பின்மண்டையில் இந்த அணுக்கள் மளமளவென்று பெருகுமாம். பெருகினால்தான் பிள்ளை தள்ளாடாமல் நடக்கும். நேரம் வந்ததும் பெருகுவதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு வேலையில் உட்கார்ந்துவிடும். எங்கள் மகளுக்குள் சில அணுக்கள் மட்டும் நிற்கவே இல்லை. யார் மேலும் தப்பில்லை என்றாள் மச்சினி. நான் லிஃப்ட் மெக்கானிக். மாடி வந்தும் நிற்காத லிஃப்ட் என்றால் பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பேன். இங்கே கையைப் பிசைவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒரு நாள் மச்சினி மூச்சிரைக்க வந்தாள். ஒரு புது மருந்தில் தட்டு அடங்கிவிட்டதாம். அணுக்கள் பெருகுவதை விட்டு, முதிர்ந்த அணுக்களைப் போலக் கிளை விட்டிருக்கின்றனவாம். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் டாக்டரிடம் பறந்தேன்.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். தட்டில் மருந்து நேராக அணுக்கள் மேலேயே விழுகிறது, தலைக்குள் அவ்வளவு போய்ச் சேராது என்றார். சேருமளவு கொடுத்தால் வளர வேண்டிய நல்ல அணுக்களையும் எலும்பையும் அதே மருந்து நிறுத்திவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நிலைக்கு அது வர வருஷக்கணக்காகும். கட்டியோ அதற்குள் முதுகுத்தண்டு வரை பரவியிருந்தது. என் மகளிடம் அத்தனை காலம் இல்லை.

பிறகு அவளுக்கு விழுங்கவே முடியாமல் போனது. கெஞ்சல் நின்று வீடு அமைதியானது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் மனைவி ஈரப் பஞ்சால் மகளின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சினி மகளின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகிற நினைப்பே அவளுக்கு இல்லை.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

"கெளம்பும்மா, கொண்டு விடறேன்."

"எங்க மாமா?"

"தட்டுக்கு ஊட்ட வேண்டாமா? பட்டினி கெடக்கும். அதுவும் பாப்பாவோடதுதானே."