பதினேழாம் நிபந்தனை

ஹீட்டர் மெக்கானிக்கின் கைப்பேசி எண் அந்த ஊரில் ஆயிரத்துச் சொச்சம் குளியலறைகளில் ஒட்டப்பட்டிருந்தது. பழுது பார்த்து முடித்ததும் ஒவ்வொரு ஹீட்டரின் வயிற்றிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வருவது பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய வழக்கம். அதில் பெயர் இல்லை, முகவரி இல்லை, எண் மட்டுமே. கடையை மூன்று முறை மாற்றினார், எண்ணை மாற்றவில்லை. குளிர்ந்த காலையில் சோப்பு நுரையோடு நடுங்கிக்கொண்டு நிற்பவர் வேறு யாரைத் தேடிப் போவார்? அந்த எண் போனால் பிழைப்பும் போயிற்று.

ஆனால், அந்த எண் அவர் பெயரில் இல்லை.

எட்டு மாதங்களுக்கு முன் கைப்பேசி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மனைவி. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். பேருந்துச் சீட்டின் பின்புறமானாலும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளானாலும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார். மலிவு என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அந்த மலிவுக்காக நம்மிடமிருந்து பிடுங்கப்போவதையெல்லாம் கடுகளவு எழுத்தில் ஒளித்துவைக்கும் அயோக்கியத்தனத்தை அவர் ஒரு நாளும் மன்னித்ததில்லை. நான்கு கடைகள் ஏறி இறங்கினார். அவற்றில் இரண்டில் இன்னும் குறைந்த விலைக்கே கிடைத்தது. தாளை முழுக்கப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். ஐந்தாவது கடையில்தான், இருவருடைய பழைய எண்களுக்கும் சேர்த்துத் தம் பெயரில் இரண்டாண்டு ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டார். மாதச் சம்பளம் வாங்குவோருக்கு மட்டுமே உரிய சலுகை அது.

"என் தொழில் நம்பர் என் பேர்ல இருந்தா என்ன?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சம்பளச் சீட்டு வச்சிருக்கீங்களா? அது போகட்டும், எதையாவது படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? கல்யாணத்தைப் பதிவு பண்ணப்பகூட நான்தானே படிச்சுச் சொன்னேன்!"

அவர் வாயை மூடிக்கொண்டார். அப்போது ஸ்கேன் அறிக்கை வந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றியும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து மாதங்களில் மனைவி இறந்தார். மெக்கானிக் அழவில்லை. நான்காம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வீட்டில் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டுச் சூடு பதமா என்று பார்க்கக் குழாயின் கீழே கையை நீட்டினார். "ஐயோ, கையை எடுங்க! ஆவி பறக்குது!" என்று வீட்டுக்காரப் பெண்மணி அலறிய பிறகே எடுத்தார். சிவந்துபோன அந்தக் கை வேறு யாருடையதோ போல இருந்தது. சாப்பாடும் அப்படித்தான், வாயில் போட்டால் இறங்கியது. தூக்கமும் அப்படித்தான், படுத்தால் விடிந்தது.

இந்த நிலையில்தான் மனைவியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒப்பந்தக்காரர் மாதக் கடைசிக்குள் தம் அடையாளத்தை மறுபடி உறுதி செய்யாவிட்டால் இரண்டு இணைப்புகளும் துண்டிக்கப்படுமாம்.

மைத்துனி பதறிப்போய் உதவி எண்ணுக்கு அழைத்து விசாரித்தார்.

"அத்தான், ஒப்பந்தக்காரர் இறந்துட்டா ஒப்பந்தமும் முடிஞ்சுபோச்சாம். ரெண்டு நம்பரும் கம்பெனிக்குத் திரும்பிடுமாம். நீங்க கடையில எதையும் சொல்லாதீங்க. அக்கா வெளியூருக்குப் போயிருக்கறதா சமாளிங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்ல வேணாம். பேசாம இருங்க, போதும். அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே!" என்றவர், அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவருடைய பைக்குள் திணித்தார். "அக்கா எல்லாப் பேப்பரையும் இதுலதான் வச்சிருக்கா. திறந்து பாருங்க."

அவர் திறக்கவில்லை. எதையும் படிக்க வேண்டிய தேவை இல்லாமலே இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

கடையில் இருந்தவர் அன்று ஒப்பந்தம் எழுதிய அதே விற்பனையாளர்.

"வாங்க சார்! மேடம் வரலையா?" என்றவர், வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. அவங்க வந்துட்டுப் போன அன்னிக்கு எனக்குக் கனவுலகூட நிபந்தனைதான் வந்துச்சு. எட்டாவதைக் காட்டி, 'துண்டிக்கப்படும்னு போட்டிருக்கீங்களே, துண்டிக்கிறது யாரு? பேயா?'ன்னு ஒரு போடு போட்டாங்க பாருங்க! எங்க மேனேஜர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்ல. நல்லா இருக்காங்களா?"

மெக்கானிக் தலையை அசைத்தார். எந்தத் திசையில் அசைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. விற்பனையாளர் தமக்கு வசதியான திசையில் எடுத்துக்கொண்டார்.

"அவங்க வரணும்னு இல்ல சார். அவங்க போனுக்கு ஆறு நம்பர் அனுப்புறேன். கேட்டுச் சொல்லுங்க, முடிஞ்சுது வேலை."

மெக்கானிக்கின் பைக்குள், ஸ்பானருக்கும் டெஸ்டருக்கும் நடுவே, கைப்பேசி சிணுங்கியது.

"அட, போன் உங்ககிட்டயேதான் இருக்கா? அப்ப ரொம்பச் சுலபம்."

எடுத்துப் பார்த்தார். ஆறு இலக்கங்கள். அவற்றின் கீழே ஒரு வரி: 'ஒப்பந்தக்காரர் நானே என்று உறுதி கூறுகிறேன்.'

"நாலு," என்றார். "ஒன்பது. ஒன்பது."

அதோடு நின்றுவிட்டார். மனம் உறுத்தியதால் நிற்கவில்லை. மனம் எதையும் செய்யவில்லை. துருவேறிய வால்வைப் போல நாக்குதான் அதற்கு மேல் திரும்ப மறுத்தது.

"அப்புறம்? கண்ணாடி கொண்டுவரலையா சார்? சரி, ஒப்பந்த எண்ணையாவது சொல்லுங்க. பேப்பர் இருக்குமே."

மெக்கானிக் ஃபைலைத் திறந்தார். நிபந்தனைத் தாள்களின் ஓரமெங்கும் பென்சில் குறிகள். மனைவி விடுபட்ட ஒற்றுகளைச் சேர்த்திருந்தார். தேவையற்ற காற்புள்ளிகளை அடித்திருந்தார். பதினேழாம் நிபந்தனையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். தம் வாழ்நாளில் முதன்முறையாக மெக்கானிக் ஒரு நிபந்தனையை முழுதாகப் படித்தார்.

'ஒப்பந்தக்காரர் இறந்துவிட்டால் ஒப்பந்தம் முடிவுறும். எனினும், அவருடன் ஒரே வீட்டில் வசித்துக் கூடுதல் இணைப்பைப் பயன்படுத்தி வந்தவர், நூறு நாட்களுக்குள் நேரில் வந்து தெரிவித்தால், அந்த எண்ணை அதே கட்டணத்தில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.'

ஓரத்தில், அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பும் தாள்களில் எழுதும் அதே நெட்டை எழுத்தில் மனைவி எழுதியிருந்தார்: 'இதில் பிழை இல்லை. நீங்களே போங்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.'

விலை குறைந்த இரண்டு கடைகளை மனைவி ஏன் ஒதுக்கினார் என்பது இப்போது அவருக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

தாளை விற்பனையாளர் பக்கம் தள்ளி, வட்டத்தின்மேல் விரலை வைத்தார். சிரித்தபடி குனிந்த விற்பனையாளர் சிரிப்பில்லாமல் நிமிர்ந்தார்.

"சார்... இது யாருக்கு...?"

இந்த மூன்று மாதங்களில் அந்தச் செய்தியை எல்லாரிடமும் மைத்துனியே சொல்லியிருந்தார். மெக்கானிக் பக்கத்தில் நின்றதோடு சரி.

"என் மனைவி இறந்துட்டா," என்றார்.

சொன்னால் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் யாரோ கைப்பேசிக்கு உறை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்; நீலமா கறுப்பா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

"மன்னிச்சிடுங்க சார். நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசி..."

"பரவாயில்ல. கேட்டிருந்தா சிரிச்சிருப்பா."

விற்பனையாளர் தேதியைக் கேட்டு வாங்கிக் கணினியில் தட்டினார். "தொண்ணூத்தாறு நாள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." பிறகு தயங்கினார். "ஒரு விஷயம் சார். அவங்க நம்பரை மூடினாத்தான் உங்க நம்பர் மாறும். இப்பவே மூடணும். உங்களுக்கு டைம் வேணும்னா வெளியில போய் உட்கார்ந்துட்டு வாங்க."

"மூடுங்க."

கையிலிருந்த கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நான்கும் மறைந்து, 'இணைப்பு இல்லை' என்று வந்தது. மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடை மாறவில்லை.

புதிய தாளில் தம் பெயரை எழுதினார். விற்பனையாளர் பேனாவைத் திரும்ப வாங்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் கேக்கல சார். கேட்டே ஆகணும்னு கம்பெனி ரூல். இல்லேன்னா அடுத்த பக்கம் போகாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டாவது இணைப்பு பாதி விலைக்குக் கிடைக்கும். வீட்டுல வேற யாருக்காவது வேணுமா?"

மெக்கானிக் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் நேரம் எடுத்தது.

"ஒண்ணு போதும். நான் மட்டும்தான்."

விற்பனையாளர் 'வேண்டாம்' என்ற கட்டத்தை அழுத்தினார். திரை விடவில்லை, 'உறுதியாகவா?' என்று கேட்டது. அவர் சங்கடத்தோடு திரையை மெக்கானிக் பக்கம் திருப்பினார்.

மெக்கானிக் அந்த ஒற்றைச் சொல்லையும் படித்துப் பார்த்துவிட்டு, தம் விரலாலேயே அழுத்தினார்.